சிந்துவுக்குத் தனி மாவு

பிப்ரவரி 23

மாசி பாதிகூட ஆகவில்லை, திருச்சிக்குள் வெயில் வந்து உட்கார்ந்துவிட்டது. தென்னூர் கடைக்காரர் இன்று காலையிலேயே இட்லி மாவுப் பாக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஊதிப்போய், இன்னும் கொஞ்சம் விட்டால் வெடித்திருக்கும். "கருணாகரா, மாவு விக்கிறியா, பலூன் விக்கிறியா?" என்று கேட்டார். நாலு பேர் நின்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொடி விற்கிற சேலத்துக்காரருக்குப் போன் போட்டேன். போன வருஷம் போலவே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மாவு டிரம்முக்கு ஒரு ஸ்பூன். புளிப்பு இரண்டு நாள் அடங்கி நிற்கும். இந்த ஊரில் பாக்கெட் மாவு விற்கிற எவனும் கோடையில் இதில்லாமல் ஓட்டுவதில்லை. உத்தமன் மாதிரி பேசுகிறவனும் போடுவான்.

சிந்து டியூஷன் முடிந்து வந்து ஆறு இட்லி தின்றாள். கண்ணுக்கு நிறைவாக இருந்தது. தீபாவளிக்கு முன்னால் இந்தப் பெண்ணைப் பார்த்தவர்கள் இப்போது நம்ப மாட்டார்கள். பதினாறு வயதுப் பெண் பத்து வயதுப் பிள்ளை கணக்காக இருந்தாள். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், கோதுமையில் இருக்கிற குளூட்டன் அவளுக்கு ஆகாது என்று. சப்பாத்தி, பூரி, மைதா, ரவை, சேமியா எல்லாம் வீட்டை விட்டுப் போயின. பெருங்காயத்தில்கூட மைதா கலப்பார்கள் என்று டாக்டரம்மா சொல்ல, அதையும் என் மனைவி சுகந்தி குப்பையில் போட்டாள். பெருங்காயம் இல்லாத ரசத்தை நான் முனகாமல் குடிக்கிறேன்.

மற்றபடி அப்பன் மாவுக்கடைக்காரனாக இருப்பது அவள் அதிர்ஷ்டம். காலையில் இட்லி, ராத்திரி தோசை. இதைவிடச் சுத்தமான சாப்பாடு உலகத்தில் எங்கே இருக்கிறது?

மார்ச் 4

ரிட்டர்ன் ஒரு பாக்கெட்கூட இல்லை. தென்னூர்க்காரர் வாயை மூடிக்கொண்டார்.

மார்ச் 11

சிந்துவுக்கு வயிற்று வலி. பரீட்சை பயமாக இருக்கும் என்று ஓமம் போட்டு வெந்நீர் கொடுத்தாள் சுகந்தி. மத்தியானம் பிள்ளை நாலு முறை கக்கூசுக்குப் போனாள். சோறு வேண்டாம் என்றாள். இட்லி மட்டும் இரண்டு சாப்பிட வைத்தேன். உளுந்து விலை ஏறிக்கொண்டே போகிறது.

மார்ச் 19

டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். எடை குறைந்திருக்கிறது. முழங்கைப் பக்கம் மறுபடியும் தடிப்பு. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எங்கேயோ கோதுமை உள்ள போகுது. வெளியில ஏதாவது சாப்பிடுறாளான்னு பாருங்க" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

வரும் வழியில் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். இல்லை என்றாள். வீட்டில் கேட்டேன். இல்லை என்றாள். சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன். "எத்தனை தடவைப்பா கேப்பீங்க?" என்றாள். இந்த எதிர்ப்பேச்சு எங்கிருந்து வந்தது? தப்பு செய்யாத பிள்ளை ஏன் கோபப்பட வேண்டும்?

அவள் கூடப் படிக்கிற ரெபேக்காவின் அப்பா பாலக்கரையில் பேக்கரி வைத்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 27

நான் நினைத்தது சரி.

அவள் குளிக்கப் போன நேரத்தில் புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தேன். கணக்குப் புத்தகத்துக்குள் கப் கேக் சுற்றி வருகிற அந்த மடிப்புக் காகிதம். நாலாக மடித்து வைத்திருக்கிறாள். ஓரத்தில் துகள் ஒட்டியிருந்தது. அப்பனும் அம்மாவும் தினமும் சாகிறோம், மகள் திருட்டுத்தனமாகக் கேக் தின்கிறாள்.

கேட்டதற்கு, ரெபேக்காவின் பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் கொடுத்தார்கள், என் பங்கை அவளிடமே கொடுத்துவிட்டேன், காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன் என்றாள்.

"காகிதம் எதுக்கு?"

"மோந்து பாக்கப்பா. நல்லா இருக்கும்."

இதை யாராவது நம்புவார்களா? என் கை கொஞ்சம் ஓங்கிவிட்டது. பிறகு பேக்கரியை ஒட்டியிருக்கிற ரெபேக்கா வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மா வாசலிலேயே நின்று கேட்டார். கடைக்கு வந்திருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மார்ச் 28

சிந்து பள்ளிக்கூடம் போகவில்லை. முகம் வீங்கியிருக்கிறது என்று சுகந்தி சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெயில் கொளுத்துகிறது. டிரம்முக்கு ஒன்றரை ஸ்பூன் போட்டால்தான் நிற்கிறது.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. ஜவ்வரிசிப் பாயசம். சிந்து ஒரு கரண்டி சாப்பிட்டாள். அவளுக்குப் பிடிக்குமே என்று நானே நின்று மெல்லிசாக நெய்த் தோசை ஊற்றிக் கொடுத்தேன். "நல்லா இருக்குப்பா" என்று முழுதும் தின்றாள். சாயங்காலம் வாந்தி.

இப்போது ரெபேக்கா வருவதில்லை, பை காலியாகத்தான் இருக்கிறது, கையில் காசும் கொடுப்பதில்லை. பின் எப்படி?

ஏப்ரல் 20

பரீட்சை முடிந்தது. சுகந்தியின் தங்கை மாலதி குளித்தலையிலிருந்து வந்து, "கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும் மாமா, ஆத்துக் காத்துக்கு நல்லா இருக்கும்" என்று கூட்டிப் போனாள். சிந்து பஸ் ஏறும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 26

மாலதி போன் செய்தாள். சிந்துவுக்கு வலி நின்றுவிட்டதாம். காலையில் பழைய சோறு, மத்தியானம் சோறும் ரசமும், ராத்திரி கஞ்சி. தெருப் பிள்ளைகளோடு ஷட்டில் ஆடுகிறாளாம்.

சந்தோஷம்தான். ஆனால் மாலதி அதைச் சொன்ன விதம் பிடிக்கவில்லை. நம் வீட்டில் என்னவோ குறை வைத்த மாதிரி. பெற்றவன் வீட்டில் வராத சுகம் சித்தி வீட்டுக் கஞ்சியில் வந்துவிட்டதாம். இட்லி இல்லாமல் வளர்கிற பிள்ளை எத்தனை நாளைக்குப் பழைய சோறு தின்னும்?

ஏப்ரல் 27

புதிதாக அரைத்ததில் நல்ல மாவாக எடுத்து, பெரிய தூக்குவாளியில் ஊற்றி, மூடியைத் துணி கட்டி, குளித்தலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். வழியில் பொங்கி வழியக்கூடாது என்று பொடி கொஞ்சம் கூடவே கவனித்துப் போட்டேன். மாலதியின் மகன் போய் வாங்கிக்கொண்டான். சிந்து போனில் வந்து, "மாவு வந்துச்சுப்பா" என்றாள். அந்தக் கேக் காகிதச் சம்பவத்துக்குப் பிறகு அவளாக என்னிடம் பேச்செடுத்தது இன்றுதான்.

மே 2

குளித்தலைக்குப் போய்க் கூட்டி வந்துவிட்டேன். அங்கேயும் வந்துவிட்டது. மூன்று நாளாகத் தண்ணீராகப் போகிறது, உதடெல்லாம் வெடித்திருக்கிறது.

மாலதி வீட்டு அடுப்படியில் கோதுமை மாவு டப்பா இருந்தது. ராத்திரி அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரைக்காகச் சப்பாத்தியாம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? என் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயா என்று கேட்டுவிட்டேன். மாலதி அழுதாள். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்துச் சமைத்தேன் மாமா என்றாள். "வந்ததுலேர்ந்து நல்லாத்தானே இருந்தா. நீங்க மாவு அனுப்பின பெறகு அதைத்தானே மூணு வேளையும் தின்னா" என்றாள்.

என்ன பேச்சு பார். பழியை எங்கே கொண்டுவந்து போடுகிறாள் பார். இனி அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சுகந்திக்கும் சொல்லியாயிற்று.

மே 9

கத்திரி வெயில். டிரம்முக்கு இரண்டு ஸ்பூன்.

டெய்லர் வீட்டு மருமகள் நித்யா இடுப்பில் குழந்தையோடு வந்தாள். உருண்டையான பெண் குழந்தை, என் மூக்கைப் பிடிக்க வந்தது. அடுத்த மாதம் அதற்குச் சோறு ஊட்டுகிறார்களாம். "முதல் இட்லி உங்க மாவுலதாண்ணே. வேற எங்கயும் வாங்குறதில்ல" என்றாள். ஊரில் அப்படி ஒரு பெயர் இருக்கிறது நமக்கு.

சிந்து பின்கட்டில் பாய் போட்டுப் படுத்தே இருக்கிறாள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறது. சுகந்தி அதைச் சுருட்டி எனக்குத் தெரியாமல் எடுத்துப் போகிறாள், எனக்குத் தெரிகிறது. கடவுளே, இந்தப் பிள்ளையை ஏன் இப்படி வதைக்கிறாய்.

மே 16

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏறுகிறது. வாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் மட்டும். ரத்தம் எடுத்துப் பெரிய டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கோதுமை உள்ளே போயிருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

நர்ஸ் ஊசி போடும்போது சிந்து என் கையைப் பிடிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மே 21

ரிசல்ட் வந்துவிட்டது. நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவள் கோதுமை சாப்பிடவில்லை. டாக்டரம்மா காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினார். போன வருஷம் எங்கேயோ இருந்த எண் இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது. "இவ்வளவு கட்டுப்பாடா இருக்கிற பிள்ளையை நான் பாத்ததில்ல. பெரியவங்களாலயே முடியாது" என்றார். சிந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுகந்தி என்னைப் பார்த்தாள்.

எனக்கு அந்தக் காகிதம், நாலாக மடித்த கேக் காகிதம், நினைவுக்கு வந்தது. மோந்துதான் பார்த்திருக்கிறாள்.

பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஏற்கெனவே புண்பட்ட குடல். கோதுமையை நிறுத்தினாலும் இப்படிச் சிலருக்கு வேறு சில சாமான்களும் ஒத்துக்கொள்ளாமல் போகும். கெடாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து, கலர், கெட்டியாக வருவதற்குப் போடுகிற பிசின் மாதிரி. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது, இவள் மாதிரிப் பிள்ளைக்கு அது போதும். அதற்கு ரத்தத்தில் டெஸ்ட் எதுவும் கிடையாது. சந்தேகப்படுவதை நிறுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாக்கெட் சாமான் என்னென்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"எதுவுமே இல்ல டாக்டர்" என்றாள் சுகந்தி. "எங்க சொந்த மாவு மட்டுந்தான். இவர் கையால அரைக்கிறது."

"அதுல என்ன சேர்ப்பீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு என்றேன்.

"வேற?"

வேறு ஒன்றும் இல்லை என்றேன். சிந்து சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

மே 22

அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு.

மே 24

வீட்டுக்கு வந்துவிட்டாள். பரணிலிருந்து பழைய சின்னக் கிரைண்டரை இறக்கித் துடைத்தேன். சிந்துவுக்கு இனி தினமும் அன்றன்றைக்கு வேண்டியதைத் தனியாக அரைக்கப் போகிறேன். ஏன் என்று சுகந்தி கேட்டாள். பெரிய கிரைண்டரில் எத்தனையோ கை படுகிறது, இவளுக்குப் புதிதாக இருந்தால் நல்லது என்றேன். சுகந்தி வெகு நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பிள்ளைன்னா உங்களுக்கு உசிருங்க" என்றாள். நான் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

தூக்குவாளியில் ஊற்றி, சிந்து என்று எழுதி ஒட்டி, குளிர்ப்பெட்டியில் தனித் தட்டில் வைத்திருக்கிறேன்.

மே 31

வலி இல்லை.

ஜூன் 4

தடிப்பு மறைந்துவிட்டது. இன்று நாலு இட்லி. தொட்டுக்கொள்ள இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாள். கொஞ்சம் புளிப்பாக இருக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது என்று அவள் அம்மாவிடம் சொன்னாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. நான் ஆடிப் பாடியிருக்க வேண்டும். மாவுக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். மாலதி சரியாகச் சொல்லியிருக்கிறாள். துணி கட்டிப் பஸ்ஸில் அனுப்பினேனே, இந்தக் கையால்.

ஜூன் 8

நேற்று எந்த டிரம்மிலும் பொடி போடவில்லை. ஆனது ஆகட்டும் என்று இருந்தேன்.

இன்று பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. தென்னூர்க் கடையில் பாக்கெட் வெடித்துப் பிஸ்கட் டப்பாக்கள் மேலெல்லாம் வழிந்திருக்கிறது. அவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. வேறு ஆளிடம் மாவு எடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னார். புத்தூர்க் கடைக்காரரும் அதையே சொன்னார். திரும்பி வந்த மாவைச் சாக்கடையில் ஊற்றினேன். தெருவே புளித்து நாறியது.

காலையில் அரைத்துக் காலையிலேயே விற்கலாம். அதற்கு நான் இருபது வீட்டுக்கு விற்கிற ஆளாக இருக்க வேண்டும். சிந்துவின் மருந்து, படிப்பு, இந்தக் கட்டடத்து வாடகை எல்லாம் அந்தப் பாக்கெட்டுகளில்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். அவர் வாயாலேயே.

சாயங்காலம் பொடி போட்டேன். ஒரே ஒரு ஸ்பூன்.

ஜூன் 12

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். சிந்து பிளஸ் டூ. ரெபேக்கா வேறு பெஞ்சுக்கு மாறிவிட்டாளாம். சிந்து சொல்லவில்லை, சுகந்தி சொன்னாள். மாலதியிடம் பேசுங்கள் என்றும் சொன்னாள். பேசுகிறேன் என்றேன். என்ன என்று பேசுவது?

ஜூன் 15

சாயங்காலம் பொடியைக் கரைத்து டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவில் சிந்து நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. பொட்டலத்தை மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறைத்தால் இன்னும் கேவலம் என்று கையிலேயே வைத்திருந்தேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"எனக்குத் தனி மாவுன்னா, இந்த மாவுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

எல்லாரும் போடுவதுதான், அனுமதி இருக்கிற சாமான்தான், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றெல்லாம் சொன்னேன். என் காதுக்கே நான் சேலத்துக்காரர் மாதிரி இருந்தேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. கேக் காகிதத்துக்காக நான் அறைந்ததைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. கன்னத்தில் ஓர் அறை இல்லை, மூன்று. நான் அன்றைக்கு எழுதவில்லை.

ஜூன் 16

சிந்து சாப்பிடும் முன் ஒவ்வொன்றையும் மோந்து பார்க்கிறாள்.

ஜூன் 19

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. நான் சொல்வேனா என்று பார்க்கிறாள் போல. சுகந்தி இன்றும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் தனியாக அரைத்துக் கொடுத்துத்தான் பிள்ளையை மீட்டார் என்று. சிந்து அங்கேயே உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கடைக்கு வந்துவிட்டேன்.

மழை வந்தால் பொடி தேவைப்படாது. வானத்தைப் பார்த்தால் ஒரு மேகம் இல்லை.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடையில் நல்ல கூட்டம். சிந்து தானாக வந்து பாக்கெட் எடுத்துக் கொடுக்க நின்றாள். இந்த வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. பார்க்க நன்றாக இருந்தாள்.

நித்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புதுச் சட்டை, நெற்றியில் பெரிய கருப்புப் பொட்டு. நேற்றுக் கோயிலில் சோறு ஊட்டிவிட்டார்களாம், இன்றைக்கு முதல் இட்லி. "நல்லதாப் பாத்துக் குடுங்கண்ணே" என்றாள். நான் பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்து நீட்டியும்விட்டேன்.

"இருங்கக்கா" என்று சிந்து உள்ளே போனாள். குளிர்ப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் பெயர் ஒட்டிய தூக்குவாளியைக் கொண்டுவந்து, நித்யாவின் பாத்திரத்தில் முழுதும் கவிழ்த்தாள். ஓரத்தில் ஒட்டியதையும் விரலால் வழித்துப் போட்டாள். இது புதுசா அரைச்சதுக்கா, கொஞ்சம் புளிப்பு இருக்கும், பாப்பாவுக்கு இதுதான் நல்லது, தினமும் வாங்க, நான் எடுத்து வைக்கிறேன் என்றாள். நித்யா காசு நீட்டினாள். சிந்து வாங்கவில்லை. குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. மெதுவாக விடுவித்துக்கொண்டாள், இப்போதுதான் முளைத்து வருகிற முடி.

நித்யா போனதும் தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். "உனக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குக் கஞ்சி போதும்."

எல்லாருக்கும் இது ஒன்றும் செய்யாது சிந்து, டாக்டரே சொன்னார் என்றேன். அவள் என் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தாள். அதை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.

"பாப்பாவுக்கு வயித்த வலிச்சாச் சொல்லத் தெரியாதுப்பா" என்றாள். "நான் சொன்னேன்."

அடுத்தவர் வந்து இரண்டு பாக்கெட் கேட்டார். கையிலிருந்ததோடு இன்னொன்று சேர்த்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் பெரிய கிரைண்டர் ஓடியது. வெயில் குறையவில்லை. பொடி போட்டேன்.